பால் பவுடர் டின், குளிர்பான கேன், எண்ணெய் டின்: மூன்று கையடக்க அடுப்புகள், ஒரு மதிப்பீடு

வீட்டில் காலியாகும் டப்பாக்களில் செய்யும் மூன்று அடுப்புகளை இங்கே ஒப்பிடுகிறோம். ஒன்று, பால் பவுடர் டின்னுக்குள் ரசகுல்லா டின்னைத் தொங்கவிட்ட இரட்டைச் சுவர் விறகடுப்பு. இரண்டு, குளிர்பான கேனில் செய்யும் ஸ்பிரிட் அடுப்பு. மூன்று, 15 கிலோ எண்ணெய் டின்னில் மரத்தூள் அடுப்பு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சென்னையிலிருந்து முதுகுப் பையோடு கிளம்புகிறவருக்கு முதல் அடுப்புதான் சரி. வெள்ளம் சூழ்ந்து கரன்டும் சிலிண்டரும் இல்லாத நாளில் மொட்டை மாடிக்கு மூன்றாவது. இரண்டாவது, செய்து பார்க்க அருமையான பொருள். ஆனால் அதற்கு ஊற்றும் எரிபொருள் இந்த ஊரில் சுலபமாகக் கிடைக்காது, கிடைப்பதும் எல்லாம் நல்லதல்ல.

இரட்டைச் சுவர் விறகடுப்பு

விறகு எரிகிறது என்று நாம் சொன்னாலும் சுடரில் எரிவது விறகு இல்லை, சூட்டில் விறகு கக்கும் வாயு. அந்த வாயு எரியாமல் வெளியேறினால் அதுதான் புகை, அதுதான் பாத்திரத்தின் அடியில் ஒட்டும் கரி. உள் டின்னுக்கும் வெளி டின்னுக்கும் நடுவே ஏறும் காற்று சூடாகி, உள் டின்னின் மேல் விளிம்புக்குக் கீழே உள்ள துளைகள் வழியாகச் சுடருக்குள் பாய்கிறது. வாயு அங்கேயே எரிந்துவிடுகிறது. மேலிருந்து பற்றவைக்கும் இந்த முறையை 1980களில் அமெரிக்காவின் தாமஸ் ரீடும் நார்வேயின் பால் வெண்டல்போவும் தனித்தனியாக உருவாக்கினார்கள். காற்றுக்கு வழி சரியாக இருந்தால் எந்தத் தகரத்திலும் இது வேலை செய்யும். வழி தப்பினால் எவர்சில்வரில் செய்தாலும் புகையும்.

டப்பா பொருத்தம்தான் பாதி வேலை. வெளிக்கு 900 கிராம் பால் பவுடர் டின்: உடல் விட்டம் சுமார் 127 மில்லிமீட்டர், உயரம் 16 சென்டிமீட்டர். உள்ளே, பெரிய ரசகுல்லா அல்லது அன்னாசித் துண்டு வரும் டின்: உடல் விட்டம் சுமார் 99, உயரம் 12 சென்டிமீட்டர். இரண்டையும் வைத்தால் சுற்றிலும் 14 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். 10-க்குக் கீழே போனால் காற்று திணறும். 20-ஐத் தாண்டினால் காற்று போதிய சூடேறாது. ஒரு லிட்டர் பெயின்ட் டின்னை வெளிக்கு எடுப்பவர்கள் அதிகம். இந்த உள் டின்னுக்கு அது பொருந்தாது, இடைவெளி அரை சென்டிமீட்டர்கூட வராது. வீட்டில் டின் இல்லையென்றால் பழைய பேப்பர் கடையிலும் காயலான் கடையிலும் பால் பவுடர் டின் கிடைக்கும். வாங்கும்போது நசுங்கல் இல்லாததாகப் பாருங்கள். துருக்கறை இருந்தால் பரவாயில்லை, வட்டம் கெட்டிருக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய வாளித் தகரம் மட்டும் வேண்டவே வேண்டாம். நெருப்பில் அதன் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும்.

வெளி டின்னைக் கவிழ்த்துப் பிடியுங்கள். மூடி இருந்த பக்கம் இனி அடி. மூடிய பக்கம் இனி தலை. அந்தத் தலையில்தான் உள் டின் இறங்கப் போகிறது. இங்கே பலரும் 99 மில்லிமீட்டர் வட்டம் வரைந்து அப்படியே வெட்டிவிடுகிறார்கள். கத்தரி ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும் உள் டின் லொடலொடவென்று ஆடும், அந்தச் சந்து வழியாகக் காற்று மேலே தப்பிவிடும். சரியான வழி இது: முதலில் 88 மில்லிமீட்டர் வட்டம் வெட்டுங்கள். பிறகு அந்த ஓட்டையின் விளிம்பிலிருந்து 99 மில்லிமீட்டர் கோடு வரை பதினாறு இடத்தில் தகரக் கத்தரியால் கீறல் போடுங்கள். ஐந்தரை மில்லிமீட்டர் நீளமுள்ள பதினாறு நாக்குகள் வரும். ஒவ்வொன்றையும் கட்டிங் பிளேயரால் பிடித்து உள்பக்கம் கீழே மடியுங்கள், முழுதாக அல்ல, கொஞ்சம் விறைப்பாக நிற்கும்படி. உள் டின்னை மேலிருந்து அழுத்தினால் பதினாறு நாக்கும் அதன் உடலைக் கவ்விக்கொள்ளும். டின்னின் மடிப்பு விளிம்பு உடலைவிட மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம் என்பதால் அது தலையில் உட்கார்ந்துவிடும். ரிவெட் வேண்டாம், ஒட்டுப்பசை வேண்டாம். எம்சீல் போட்டு இறுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தண்ணீர்க் குழாய்க்கு ஆனது, இந்தச் சூட்டில் கருகி உதிர்ந்து நாற்றமடிக்கும்.

துளைகளுக்கு முன் உள் டின்னுக்குள் ஒரு சவுக்குக் கட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆணி அடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் தகரம் உள்ளே குழியும். டிரில் இருந்தாலும் முதலில் ஆணியால் ஒரு புள்ளி குத்தவேண்டும், வளைந்த பரப்பில் பிட் சறுக்கும்.

அளவு இப்படி. உள் டின்னின் அடியில் 6 மில்லிமீட்டர் துளை பன்னிரண்டு. மேல் விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டர் கீழே, சுற்றிலும் அதே 6 மில்லிமீட்டரில் இருபது. ஒன்றுக்கொன்று பதினைந்தரை மில்லிமீட்டர் தள்ளி வரும். வெளி டின்னில் தரையை ஒட்டி, விளிம்பிலிருந்து 15 மில்லிமீட்டர் மேலே, 12 மில்லிமீட்டர் துளை பத்து. கணக்கும் போட்டுப் பார்க்கலாம்: அடித்துளைகள் 339 சதுர மில்லிமீட்டர், மேல்துளைகள் 565, இரண்டும் சேர்ந்து 904. வெளித்துளைகள் 1,131. உள்ளே போகும் வழி எப்போதும் உள்ளே செலவாகும் வழியைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். அடித்துளையை இருபது, முப்பது என்று கூட்டுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. காற்று நன்றாக வரட்டும் என்று நினைத்துச் செய்வது. விளைவு, அடியில் நெருப்பு வேகமாகப் பிடித்து வாயு ஒரே மூச்சில் கிளம்பும். மேல்துளைகளால் சமாளிக்க முடியாது. பத்து நிமிடத்தில் விறகு தீரும், பாத்திரமும் கருகும்.

பாத்திரத்தை நேராக விளிம்பில் வைத்தால் சுடர் அமிழும். இன்னொரு ரசகுல்லா டின்னிலிருந்து 45 மில்லிமீட்டர் உயர வளையம் வெட்டி அதை அடுப்பின் தலையில் வையுங்கள். வளையத்தில் ஒரு பக்கம் 60 மில்லிமீட்டர் அகலத்துக்கு வாசல் விடுங்கள், குச்சி போட. மற்ற பக்கங்களில் 12 மில்லிமீட்டர் துளை எட்டு, சுடுகாற்று வெளியேற. வெட்டிய எல்லா விளிம்பையும் அரத்தால் தேயுங்கள். தகர வெட்டு கத்தி வெட்டைவிடப் பொல்லாதது. கையுறை போடாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

முதல் நெருப்பு சமையலுக்கு இல்லை. டின்னின் உள்ளே வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ இருக்கும் பூச்சும், வெளியே அச்சடித்த மையும் எரிந்து போகவேண்டும். திறந்த வெளியில் இருபது நிமிடம் நன்றாக எரித்து, நாற்றம் நின்ற பிறகுதான் பாத்திரம் ஏறலாம்.

எரிபொருள் விஷயத்தில் இந்த அடுப்பு சென்னைக்கென்றே செய்தது போல. கொட்டாங்குச்சியைச் சுத்தியால் உடைத்து இரண்டு சென்டிமீட்டர் சில்லுகளாக்கினால் அதற்கு இணை வேறில்லை. இல்லாவிட்டால் கட்டைவிரல் பருமனில் உலர்ந்த சவுக்குக் குச்சி. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போகிறவர்களுக்கு அது பஞ்சமில்லை, விறகுத் தொட்டியிலும் கேட்டு வாங்கலாம். சவுக்கு இலைச் சருகைப் போடாதீர்கள்: அடித்துளையை அடைத்துப் புகையைக் கிளப்பும். மேல்துளைகளுக்கு இரண்டு விரல் கீழே வரை நிரப்புங்கள். மேலே கொஞ்சம் தேங்காய் நார், அதன்மேல் இரண்டு வில்லை கற்பூரம். பற்றவையுங்கள், மேலே மட்டும். முதல் இரண்டு மூன்று நிமிடம் மஞ்சளாக அலைபாயும். பிறகு ஒரு மாற்றம் தெரியும்: நடுவில் எரிந்த சுடர் விலகி, இருபது துளைகளின் வாயிலும் தனித்தனி நாக்காகச் சுடர் நிற்கும், கேஸ் பர்னர் மாதிரி. புகை நின்றுவிடும். அப்போதுதான் பாத்திரத்தை வைக்கவேண்டும். அந்த இருபது நாக்கு வரவில்லையென்றால் மேல்துளைக்கு மேல்வரை விறகை நிரப்பிவிட்டீர்கள், அல்லது விறகு ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் வெளியே கிடந்த குச்சி எதுவும் ஒப்பேறாது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் உள்ள எரிபொருள் அளவை அப்படியே எடுக்கவும் தேவையில்லை. அங்கே மலை ஓடையில் தண்ணீர் 10 டிகிரியில் இருக்கும். நம் கேனில் இருப்பது 30 டிகிரி. 90 டிகிரி ஏற்றவேண்டிய இடத்தில் 70 ஏற்றினால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க அடிப்படையில் 293 கிலோஜூல் வேண்டும்; அடுப்பு கால்வாசி வெப்பத்தையே பாத்திரத்துக்குக் கொடுத்தாலும் 80 கிராம் உலர் விறகு கணக்குக்குச் சரியாகிவிடும். பாத்திரத்துக்கு மூடி போட்டு, காற்று வரும் பக்கம் ஒரு தட்டையும் நிறுத்துங்கள். 200 கிராம் சில்லில் டீயும் முடியும், இரண்டு பாக்கெட் நூடுல்ஸும் முடியும். ரவா உப்புமாவும் ஆகும். பருப்பு வேகவைக்க இது ஆகாது, நடுவே நடுவே குச்சி ஊட்டிக்கொண்டே இருக்கவேண்டும்.

குறை என்று சொன்னால் ஆயுள். தகரத்தின் மேல் உள்ள வெள்ளீயப் பூச்சு 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதன்பின் வெறும் இரும்பு, அதுவும் கடற்காற்று ஊரில். ஒரே இரவில் செம்மண் நிறம் ஏறும். ஆறியதும் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் தள்ளிப்போடலாம். உள் டின் இருபது முப்பது சமையலில் அடிப்பகுதி மெலிந்துவிடும். வெளி டின் நிற்கும். நாக்குப் பிடியில் நிற்பதால் உள் டின்னை மட்டும் உருவிப் போட்டுவிட்டுப் புதிது செருகலாம். இதனால்தான் ரிவெட் வேண்டாம் என்றோம். நிரந்தரமாக வேண்டுமென்பவர்கள் மின்ட் ஸ்ட்ரீட் பாத்திரக் கடைகளில் அதே விட்டத்தில் எவர்சில்வர் டப்பா தேடலாம். ஆனால் அதைத் துளைக்க கோபால்ட் பிட், மெதுவான வேகம், எண்ணெய் மூன்றும் வேண்டும். வேகமாகச் சுற்றினால் எவர்சில்வர் சூட்டில் இன்னும் கெட்டிப்பட்டு பிட்டைத்தான் மழுக்கும்.

குளிர்பான கேன் ஸ்பிரிட் அடுப்பு

இரண்டு கேன்களின் அடிப்பகுதியை 35, 30 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டி, ஒன்றை இன்னொன்றுக்குள் அழுத்தி, நடுவே கேன் தகட்டில் ஒரு உள் வளையம் நிறுத்தி, மேல் விளிம்பைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் துளை பதினாறு போட்டால் அடுப்பு. பத்து பதினைந்து கிராம்தான் எடை. எரிபொருள் சூடேறி ஆவியாகி, துளைகளில் கிரீடம் போலச் சுடர் வரும்போது பார்க்க அவ்வளவு அழகு. கேன் சுவர் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். பாத்திரத்தை அதன்மேல் வைக்கக் கூடாது, கம்பி ஸ்டாண்டு தனியாக வேண்டும். இதில் விறகுக் கங்கைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம்: அலுமினியம் 660 டிகிரியில் உருகும். உள்ளே திரவம் இருக்கும்வரை அது தகட்டைக் குளிர்வித்துக் காப்பாற்றுகிறது. கங்குக்கு அந்தக் காப்பு கிடையாது.

இடறுவது எரிபொருளில். ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் எரிக்கும் ஸ்பிரிட் கடையில் சாதாரணமாகக் கிடைப்பதால்தான் அங்கே இந்த அடுப்பு பரவியது. ஸ்வீடனின் டிராஞ்சியா நிறுவனம் 1951-இலிருந்து இதே தத்துவத்தில் அடுப்புத் தொகுப்பு விற்கிறது. தமிழ்நாட்டில் டிநேச்சர்டு ஸ்பிரிட்டும் (குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்த எரிசாராயம்) மெத்தனாலும் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ளவை. பாரிமுனையை ஒட்டிய நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைகளில் போய்ச் சும்மா ஒரு லிட்டர் கேட்டு வாங்கும் பொருள் அல்ல. மெத்தனாலைப் பொறுத்தவரை கிடைத்தாலும் தொடாதீர்கள். ஆவியாகவும் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் விஷம் அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்ததும் அதுதான். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்துப் போகும் பழக்கம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஐசோபுரொபைல் ஆல்கஹால் கிடைக்கும், ஆனால் மஞ்சள் சுடரும் கரியும்தான் தரும். மருந்துக் கடையில் திரவமாக விற்கும் எத்தனால் சானிடைசர் ஒரு மாற்று. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படி அதில் 80 சதவீதம் எத்தனால், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் கிளிசரின். எரியும். சூடு குறைவு, கடைசியில் அடியில் தண்ணீர் தேங்கி அணைந்துவிடும், கிளிசரின் பிசுபிசுப்பு துளைகளில் ஒட்டும். ஒவ்வொரு தடவையும் ஊசியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்யவேண்டும். ஜெல் சானிடைசர் இந்த அடுப்புக்குச் சரிப்படாது. தின்னர், பெட்ரோல் இரண்டும் கூடவே கூடாது, தீப்பந்தாகிவிடும்.

இன்னொன்று, பகல் வெளிச்சத்தில் எத்தனால் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து பாட்டிலைச் சாய்த்தால் சுடர் பாட்டிலுக்குள் ஏறும். உள்ளங்கையை ஒரு முழ உயரத்தில் காட்டிப் பார்த்து, சூடில்லை என்று தெரிந்தபிறகும் ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி ஊற்றவேண்டும். குழந்தைகள் ஓடியாடும் இடத்தில் இந்த அடுப்பை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மரத்தூள் அடுப்பு

இதற்குச் செய்முறை எழுதவேண்டியதில்லை என்று தோன்றும், ஒரு காலத்தில் டீக்கடைக்கு டீக்கடை இருந்ததுதான். ஆனால் இன்று செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். 15 கிலோ எண்ணெய் டின்னின் மேல்தகட்டை எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தில் அடியை ஒட்டி 5 சென்டிமீட்டர் ஓட்டை போடுங்கள். அந்த ஓட்டை வழியாக ஒரு உருளைக் கட்டையை டின்னின் மையம்வரை நுழையுங்கள். அதன் முனையில் ஒரு கண்ணாடி பாட்டிலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். சுற்றிலும் உலர்ந்த மரத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு உலக்கை மாதிரி ஒன்றால் இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். பாட்டிலைத் திருகியபடி மேலே உருவுங்கள், கட்டையைத் திருகியபடி பக்கவாட்டில் உருவுங்கள். எல் வடிவத்தில் ஒரு புகைபோக்கி கிடைக்கும். கீழ் ஓட்டையில் காகிதம் கொளுத்திச் செருகினால் பிடித்துக்கொள்ளும். மேலே மூன்று செங்கல் துண்டு வைத்து அதன்மேல் பாத்திரம்.

ஊட்டவே தேவையில்லை; தூள் உள்ளிருந்து வெளியே மெதுவாகத் தின்றபடி மணிக்கணக்கில் எரியும். சோறு, குழம்பு, குழந்தைக்குக் கஞ்சி எல்லாம் முடியும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் தண்ணீர் வடியும்வரை மாடியில் மாட்டிக்கொண்ட தெருக்களுக்கு இது எவ்வளவு உதவியிருக்கும்! தூளை நிரப்பி, பாலித்தீன் சுற்றி, புரட்டாசியிலேயே எடுத்துவைக்கலாம்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். தூள் ஈரமாக இருந்தால் நாள் முழுக்கப் புகையும். லேசாக இடித்திருந்தால் பாதியில் சுவர் சரிந்து வழி அடைபடும். இடித்த தூளில் கட்டைவிரலை அழுத்தினால் தடம் பதியவே கூடாது. தூளை மரம் அறுக்கும் மில்லிலேயே வாங்குங்கள். தச்சுப் பட்டறைத் தூளில் பிளைவுட், எம்டிஎப் கலந்திருக்கும். அவற்றின் பசையில் பார்மால்டிஹைடு உண்டு, எரியும்போது கண்ணும் தொண்டையும் எரியும். பிறகு மிக முக்கியமானது: மழை அடிக்கிறது என்று அடுப்பை மாடிப்படி அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அடுப்பு கக்கும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மேலே கூரை, நான்கு பக்கமும் திறப்பு, அதுதான் இடம்.

எடுத்துப் போவதும் எரிக்கும் இடமும்

ரயிலில் கேஸ் சிலிண்டருக்கும் ஸ்பிரிட்டுக்கும் அனுமதி இல்லை. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் இறந்தது உள்ளே வைத்திருந்த சிலிண்டரால். விறகடுப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. பையில் போவது வெறும் டின், அதற்குள்ளே கொட்டாங்குச்சிச் சில்லு ஒரு பொட்டலம். கரி ஒட்டாமல் இருக்கப் பழைய பேப்பரில் சுற்றி ஒரு துணிப்பையில் போடலாம்.

காப்புக்காட்டுக்குள் எந்த அடுப்பையும் பற்றவைக்கக் கூடாது, 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டமே தடுக்கிறது. மாசி, பங்குனியில் காய்ந்த புல் எப்படிப் பிடிக்கும் என்பதற்கு 2018 மார்ச்சில் குரங்கணி சாட்சி. ஏலகிரியிலோ ஏற்காட்டிலோ தங்கும் இடத்துக்காரரிடம் கேட்டு, வெறும் மண் அல்லது சிமென்ட் தரையில் வையுங்கள். விறகடுப்பின் அடி திறந்திருப்பதால் கீழே ஒரு தகர மூடி கட்டாயம் வேண்டும், கங்கு அதில்தான் விழும்.

கடற்கரையில் சமைத்தவர்கள் கங்கை மணலில் புதைத்துவிட்டுப் போவதைப் பார்க்கிறோம். இதை மட்டும் செய்யாதீர்கள். மணல் கங்கை அணைக்காது, போர்த்தி வைக்கும். மேலே சாம்பல்கூடத் தெரியாமல் மணிக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்; அடுத்து அந்த வழியாக வெறுங்காலோடு ஓடி வருவது ஒரு குழந்தையாக இருக்கலாம். எரிந்து முடிந்ததும் கங்கைத் தகர மூடியோடு எடுத்துத் தண்ணீரில் கொட்டி, சலசலப்பு நின்று, கையால் தொட முடிகிறதா என்று பார்த்துவிட்டு, மிஞ்சிய கரியைப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். காயவைத்தால் அடுத்த முறை கொட்டாங்குச்சியோடு ஒரு பிடி கலந்து எரிக்கலாம்.